விருந்தாளித் தண்ணீர்

எங்கள் கள்ளிமேட்டில் பெண்கள் சிரிக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அடக்கமான ஊர் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவதுண்டு. அடக்கமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. பல்லை மறைக்கிறோம். சிலருக்குப் பல்லில் பழுப்புக் கோடு, சிலருக்குத் திட்டு. என்னுடையது திட்டு. முன்பல் இரண்டிலும் துரு ஏறினாற்போல இருக்கும். ஆண்களுக்கு மீசை இருக்கிறது. வெற்றிலைக் கறை என்று சொல்லியும் தப்பித்துக்கொள்ளலாம். எங்களுக்கு முந்தானைதான்.

எல்லாம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிற போர்த் தண்ணீரின் உபயம். பாலக்காடு ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில், வடகரப்பதிக்குப் போகும் பஸ் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற இடத்தில் இருக்கிறது கள்ளிமேடு. கேரளா என்றால் தண்ணீரில் மிதக்கும் என்று நினைப்பவர்கள் ஒருநாள் இங்கே வந்து பருப்பு வேகவைத்துப் பார்க்கட்டும். போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, டீ திரிந்துபோகும், தலை குளித்தால் முடி சடை பிடிக்கும். உப்பு மட்டும் என்றால் சகித்துக்கொள்ளலாம். ஃபுளோரைடும் இருக்கிறது என்று கோயமுத்தூரில் பல் டாக்டரம்மா ஒருவர் என் வாயைத் திறந்து பார்த்த நொடியே சொல்லிவிட்டார். அது முதலில் பல்லைக் கெடுக்குமாம், வயதானால் மூட்டை மடக்குமாம். எங்கள் ஊரில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதவர்களை எல்லாம் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்பு பொள்ளாச்சியில் ஒரு நகைக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. கம்மலை எடுத்துக் காட்டிச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மேனேஜர் என்னை முதலில் பில் போடுகிற இடத்துக்கு மாற்றினார். பிறகு அங்கேயும் மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொன்னார். கொரோனா எல்லாம் முடிந்து ஊரே மறந்துபோன சமயம் அது. நான் மாஸ்க்கைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது ஒரு தேங்காய்நார் மில்லில் கணக்கு எழுதுகிறேன். நார் என் பல்லைப் பார்ப்பதில்லை.

எனக்குப் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் ஒன்றுதான். கிழக்குத் தெருவிலிருந்து மேற்குத் தெருவுக்கு வந்தேன். என் கணவர் தனபால் பால் வண்டி ஓட்டுகிறார். மாமியார் காளியாத்தாள் என் அப்பாவுடன் பிறந்த அத்தை; சிறு வயதில் பாதிப் பொழுது நான் அவர் வீட்டில்தான் வளர்ந்தேன். எங்கள் மகள் தன்விகாவுக்கு நாலு வயது. அவளுக்கு இப்போது இருப்பது பால் பல், அரிசி அரிசியாக வெள்ளை. ஆனால் விழுந்து முளைக்கப்போகிற பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருப்பது இந்த வயதில்தான், இந்த வருஷங்களில் குடிக்கிற தண்ணீர்தான் அந்தப் பல்லின் நிறம் என்று டாக்டரம்மா சொன்னார். அன்றிலிருந்து எனக்கு வேறு கவலை கிடையாது. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் எங்கள் ஊருக்கு வந்தாக வேண்டும். குடிவெள்ளப் பத்ததி என்று பஞ்சாயத்துத் தாளில் மலையாளத்தில் எழுதுகிற அந்தக் குடிநீர்த் திட்டம் வருகிறது வருகிறது என்று, நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை நிஜமாகவே பக்கத்து ஊர் வரை குழாய் பதித்துவிட்டார்கள். அடுத்தது நாங்கள்தான்.

அதுவரைக்கும் லாரித் தண்ணீர். வாரத்துக்கு ஒருமுறை பஞ்சாயத்து லாரி வரும். பிடித்த தண்ணீர் எல்லா வீட்டிலும் அடுப்படியில் மூடி போட்ட எவர்சில்வர் குடத்தில் இருக்கும். நாங்கள் பெரியவர்கள் அதைக் குடிப்பதில்லை. எங்களுக்குப் போர்த் தண்ணீர். பழகிய வாய், கெட்டது கெட்டதுதான். குடத்துத் தண்ணீர் தன்விகாவுக்கு. அப்புறம், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு.

இந்த இரண்டாவதில் கள்ளிமேடு ரொம்ப உஷார். வந்தவருக்குப் போர்த் தண்ணீர் கொடுத்தார்கள் என்று ஒரு வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்த வீட்டுப் பெண் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஓட்டுக் கேட்க வருகிறவனுக்கும் லாரித் தண்ணீர்தான், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனுக்கும் லாரித் தண்ணீர்தான். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் இங்கே டீ குடித்துவிட்டு, நல்ல தண்ணீர் ஊர் என்று நம்பிப் பெண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் பருப்பை அடுப்பில் ஏற்றிய பிறகுதான் பெண்ணுக்கு விஷயம் தெரியும். எங்கள் ஊரில் வெகுகாலமாக ஓடிக்கொண்டிருந்த கேலி இது. இதுவே எங்கள் கழுத்துக்குக் கத்தியாக வரும் என்று யார் கண்டது.

ஜிஸ்மி வந்தது ஒரு சித்திரை மத்தியானம். பாலக்காட்டில் இருக்கும் ஓர் ஆய்வு மையத்தில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். இடுக்கிக்காரி. எஸ்டேட் தமிழர்களோடு வளர்ந்ததால் தெக்கத்தித் தமிழ் பேசுவாள். அவள் வந்த நேரத்தில் நான் மில்லில் இருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளை வாசித்துக் காட்டி, இதில் பங்கெடுப்பதால் உங்களுக்கு எந்தக் கெடுதலும் வராது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். பிறகு ஒரு பாட்டிலை நீட்டி, நீங்கள் குடிக்கிற தண்ணீரில் ஒரு பாட்டில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை பெருமையாக இதைச் சொன்னார். எந்தத் தண்ணீரைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே பிடிக்கவில்லை.

"வேகாத வெயில்ல நடந்து வந்த புள்ள. கையில பாட்டலோட வாசல்ல நிக்குது. அதுல போயி அந்த உப்புத் தண்ணியப் புடிச்சுக் குடுக்கச் சொல்றயா அம்மணி? நம்ம ஊட்டு மானம் என்னாகறது?"

நான் பையைக்கூட இறக்கி வைக்காமல் தெருவில் இறங்கி வீடு வீடாகக் கேட்டேன். அத்தனை வீட்டிலும் அதே குடம், அதே தண்ணீர். ஒருத்தருக்கும் பொய் சொல்லுகிற எண்ணம் இல்லை. வந்தவள் கையில் இருக்கிற பாட்டில் வந்தவளுடையது. அதில் நல்ல தண்ணீர்தானே ஊற்ற வேண்டும். சோதனைக்கு என்று அவள் சொன்னது காதில் விழுந்தாலும் கை தானாக மூடிபோட்ட குடத்துக்குத்தான் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

கையெழுத்து வாங்கிய தாளின் நகலில் ஜிஸ்மியின் நம்பர் இருந்தது. அப்போதே கூப்பிட்டேன். நீங்கள் கொண்டுபோனது எங்கள் போர்த் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீர், எங்கள் ஆட்கள் மரியாதைக்காகச் செய்த தப்பு, நீங்களே வந்து போர்க் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று விவரமாகச் சொன்னேன். அவள், சொன்னதற்கு ரொம்ப நன்றி அக்கா, நானே வந்து எடுக்கிறேன் என்றாள். படித்த புள்ளை, சட்டென்று புரிந்துகொண்டது என்று தனபாலிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவள் வரவில்லை. வாட்ஸப்பில் கேட்டால் அடுத்த வாரம் அக்கா என்பாள். பிறகு நீல டிக் மட்டும் விழுந்தது. பிறகு அதுவும் இல்லை. மழைக்காலம் போய்விட்டது. ஒருநாள் லாரி வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டில் நின்ற பெண்களிடம் வார்டு மெம்பர் வந்து விஷயத்தைச் சொன்னார். ஆய்வு மையத்தின் அறிக்கை வந்துவிட்டது, கள்ளிமேட்டுத் தண்ணீர் குடிக்க உகந்தது, அதனால் லாரி தேவையில்லை, குழாயும் பக்கத்து ஊர் ரைஸ் மில் திருப்பத்தோடு நின்றுவிடும். கிராம சபையில் அதை வைத்துத் தீர்மானம் போடப் போகிறார்கள். மெம்பர் போனில் வரைபடத்தைக் காட்டினார். சுற்றியுள்ள ஊர்கள் சிவப்பு, ஆரஞ்சு. நடுவில் எங்கள் ஊர் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது.

அன்றைக்கு என் மகள் போர்த் தண்ணீரைக் குடித்தாள். முகத்தைச் சுளித்து, அம்மா தண்ணி கசக்குது என்றாள். மில்லிலிருந்து வரும்போது ஒரு கேன் தண்ணீர் வாங்கிவந்தேன். அத்தையிடம், இது தன்விகாவுக்கு மட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். தினமும் கேன் வாங்க முடிகிற வீடில்லை எங்களுடையது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு கேனும் இல்லை.

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுப் பாலக்காட்டுக்குப் போனேன். ஆய்வு மையத்தில் ஜிஸ்மியின் வழிகாட்டி ஜோஜோ சார் என்னை மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். காபி வேண்டுமா என்றுகூடக் கேட்டார். பிறகு எனக்கு வகுப்பெடுத்தார். வீட்டுக்காரர்கள் தருகிற நீரைச் சோதிப்பதுதான் அவர்கள் முறையாம். அந்த நீரை வீட்டுக்காரர்களே கொடுத்தார்கள் என்பதை அறிக்கையின் கடைசியில் ஒரு வரியில் எழுதியும் இருக்கிறார்களாம். அதனால் அவர்கள் பக்கம் தப்பே இல்லையாம். அப்படியே தப்பு என்றாலும் அது கள்ளிமேட்டுக்காரர்களின் தப்பாம். ஆய்வின் அடுத்த கட்டத்தில் சரிசெய்துகொள்ளலாமாம். இத்தனையையும் மனுஷன் ஒரே மூச்சில் சொன்னார். அவர் மேஜையில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் வரிசையாக நின்றது.

அந்த ஒரு வரியை மெம்பர் படிப்பாரா, லாரி டிரைவர் படிப்பாரா என்று கேட்டேன். அவர் சிரித்தார். வெள்ளைப் பல்.

ஜிஸ்மி மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே வந்தாள். படியில் நின்று, யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீங்க சொன்னது நெசந்தான்னு அப்பவே தெரியும்க்கா. எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி வந்துச்சு. ஒரே லாரித் தண்ணின்னு பாத்தவுடனே தெரிஞ்சு போச்சு. சார்ட்ட சொன்னேன். ரிப்போர்ட் குடுக்க நாளில்ல, அப்படியே எழுதுன்னுட்டாக."

"உங்களுக்கு நாளில்லீங்க. எம் புள்ளைக்கும் நாளில்லீங்க."

வேறென்ன சொல்வது. தெரியாமல் செய்தாள் என்றால் மன்னித்துத் தொலைத்திருப்பேன். தெரிந்து செய்திருக்கிறாள். எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் வீட்டில் உட்கார்ந்து, எங்களோடு பேசியவள் அவள். பேசினால் வாய் தெரியாதா? பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவளுக்கு, பாட்டிலைக் கொடுத்தவளின் பல் கண்ணில் படவில்லையா? இவர்களுக்கு ஊர் என்பது பாட்டிலுக்கு ஒட்டுகிற நம்பர். ஆராய்ச்சி முடிந்தால் அவர்களுக்குப் பட்டம், எங்களுக்குப் பச்சை. பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் இதையே முனகிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து வேறிடம் போய்விட்டாள்.

கிராம சபை ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்து ஹாலில். அன்று காலையில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜிஸ்மி. தனியாக வந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டாள். சபையில் இதைக் கிளப்பக் கூடாது. கிளப்பினால் சார் கைகழுவிவிடுவார், இத்தனை வருஷப் படிப்பும் போய்விடும். அவள் அப்பா எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டிப் படிக்கவைத்தார். பட்டம் வாங்கிய பிறகு அவளே வந்து முறையாகச் சோதனை செய்து தருவாள், சத்தியம்.

எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அதோடு, அந்த இரக்கத்தை என்னிடமிருந்து கறந்துகொண்டு போகலாம் என்று வந்திருக்கிறாளே என்று ஆத்திரமும் வந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை உள்ளேயிருந்து டம்ளரோடு வந்துவிட்டார். அவருக்கு மூட்டு பிடித்துக்கொண்டதால் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பார். அப்படி நடந்துவந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் நீட்டினார். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தவள் வாங்கி, கடகடவென்று பாதி குடித்துவிட்டாள்.

"நல்லாக் குடிங்க. அது எம் புள்ளையோட தண்ணி. லாரிய நிறுத்தினதுக்கப்பறம் கேன் வாங்கி வெச்சிருக்கறேன்."

டம்ளர் அவள் வாயருகே அப்படியே நின்றது. அத்தை என்னை முறைத்தார். வந்தவருக்குக் கொடுத்த தண்ணீருக்குக் கணக்குச் சொல்கிறாயே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று திட்டினார். ஜிஸ்மி மிச்சத் தண்ணீரோடு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டாள். தன்விகா ஓடிவந்து அந்தப் பாதியை எடுத்துக் குடித்தாள்.

ஹால் நிறைய ஆள். முன்வரிசையில் மெம்பர், பஞ்சாயத்து ஓவர்சியர், ஜோஜோ சார், அவர் பக்கத்தில் ஜிஸ்மி. ஜோஜோ சார் மலையாளத்தில் அழகாகப் பேசினார். திரையில் எங்கள் ஊர் பச்சையாக எழுந்தது. கடைசியில், இந்த ஆய்வுக்கு ஒத்துழைத்த கள்ளிமேட்டுத் தாய்மார்களுக்கு நன்றி என்றார். கைதட்டினார்கள். எங்கள் ஊர்ப் பெண்களும் தட்டினார்கள். நன்றி என்று ஒரு பெரிய மனுஷர் சொன்னால் தட்டத்தானே வேண்டும்.

தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கியதும் நான் எழுந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்: குடம், பாட்டில், போன், அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று வந்த பதில். உங்களுக்கு எந்தக் கெடுதலும் வராது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கினீர்களே, லாரி நின்றது கெடுதலா இல்லையா என்று கேட்டேன். ஹாலில் சலசலப்பு எழுந்தது. ஜோஜோ சார் மைக்கை வாங்கி, சிரிப்பு மாறாமல், மக்கள் பொய்யான மாதிரியைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆய்வாளரைக் குறை சொல்வது சரியல்ல என்றார்.

பொய் என்ற சொல் என் அத்தைக்கு மலையாளத்திலும் புரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க, பொய்யுங்களா? நாங்க குடிக்காம மூடி வெச்சிருந்த தண்ணியத் தூக்கி உங்க பாட்டல்ல ஊத்துனமுங்க. அதுக்குப் பேரு உங்கூர்ல பொய்யுங்களா?"

வாயைப் பொத்திக்கொள்ள முந்தானையைத் தேடிய அவர் கை பாதியில் நின்றுவிட்டது. பழுப்பும் கறுப்புமாக, பாதி உதிர்ந்துபோன அந்தப் பற்களை ஹாலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். நான் ஜோஜோ சாரை விட்டுவிட்டேன். அவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது. பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கேட்டேன்.

"ஜிஸ்மி, நானு போன் பண்ணுனனா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

ஜோஜோ சார் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தார். ஓவர்சியர் பொறுமை இழந்து, பெண்ணே, கேட்கிறார்களே சொல் என்றார். அவள் எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் அத்தையைப் பார்த்தாள்.

"பண்ணாங்க. அன்னைக்குச் சாயங்காலமே பண்ணாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதுனேன்."

அப்படியானால் கள்ளிமேட்டுத் தண்ணீர் நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில் சொல்லு என்றார் ஓவர்சியர்.

"எனக்குத் தெரியாது சார். அந்தத் தண்ணிய நான் சோதிக்கவே இல்ல."

இந்தச் சின்ன வாக்கியத்தை அறிக்கையில் எழுதியிருந்தால் போதும். எங்களுக்கு லாரி வந்திருக்கும், அவளுக்கும் அழ வேண்டி வந்திருக்காது. தெரியாது என்று சொல்ல ஒரு ஆராய்ச்சிக்காரிக்கு இத்தனை பேர் நடுவில் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. ஜோஜோ சார் கம்ப்யூட்டரை மூடி, கூட்டம் கலைவதற்கு முன்பே காரில் ஏறிவிட்டார். அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. தீர்மானம் நின்றது. லாரி மறுபடியும் வரும், மறுசோதனை முடியும்வரை குழாய் விஷயம் திறந்தே இருக்கும் என்று எழுதினார்கள். எத்தனை மாசம் இழுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மெம்பர் என்னைப் பாராட்டினார். லாரியை நிறுத்தும்போது இவரும்தானே கூட நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்தால் ஜிஸ்மி பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பையில் காலிப் பாட்டில்கள் இருந்தன. இப்போதே எடுத்துக்கொள்ளட்டுமா அக்கா, வேற லேப்ல குடுத்துச் சோதிக்கிறேன், ஓவர்சியரும் கூட இருக்கட்டும் என்றாள். செய்த காரியத்துக்கு இது ஈடாகிவிடும் என்று நினைக்காதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

எங்கள் வீட்டுப் பின்புறம் போர்க் குழாயடியில் அவளே குனிந்து, பாட்டிலை அலசி, நிறைத்தாள். அத்தைக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. தன் வீட்டுக் கெட்ட தண்ணீர் ஒரு விருந்தாளியின் பாட்டிலில் ஏறுவதை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டில் நிறைந்ததும், குடிக்கவாவது நல்ல தண்ணீர் தருகிறேன் என்று உள்ளே திரும்பினார். அங்கே கேனின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"இன்னைக்கு அவங்களுக்குப் போர்த் தண்ணியே குடுங்க அத்தை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் நகரவில்லை. கடைசியில் அவர் குழாயடிக்குப் போய் டம்ளரில் பிடித்து, திருடியதைத் திருப்பிக் கொடுப்பவர்போலத் தலையைக் குனிந்து நீட்டினார். ஜிஸ்மி வாங்கிக் குடித்தாள். முதல் வாய்க்கே முகம் சுளித்துப்போயிற்று. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அன்றைக்குத் தன்விகா சுளித்தது மாதிரியே இருந்தது.

அத்தை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"வந்தவிகளுக்குக் குடுக்கறதுக்குக் கூசுன தண்ணிய, உனக்கும் என்ற பையனுக்கும் சின்ன வயசுலிருந்து நாந்தான அம்மணி ஊத்தி ஊத்திக் குடுத்தேன்?"

தன்விகா குழாயடிக்கு வந்து தாகம் என்றாள். அத்தை என் கையை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய், கேனில் மிச்சமிருந்ததை முழுவதும் கவிழ்த்துக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தார்.